கொழுப்பை இறக்கியது எது?

காரிமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஆனாலும் பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ தேடினால் அச்சு அசலாக அவரைப் போல ஒருவர் கிடைத்துவிடுவார். மகள் நச்சரித்ததால் ஒருநாள் காலையில் தருமபுரிக்குப் பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். மாலையில் ரிப்போர்ட் வருகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 252. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 40. டிரைகிளிசரைடு 200. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 172, அதுவும் தடித்த எழுத்தில்.

டாக்டர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தருகிறார். இவர் வாங்கவில்லை. "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணும்ணே" என்று பக்கத்துக் கடைக்காரர் காதில் போட்டுவிட்டார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்முறையும் வந்து சேர்ந்தது. இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் ஆகிய நான்கையும் ஒவ்வொரு டம்ளர் எடுத்து, நாலு மூன்றாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறியதும் தேன் கலந்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி குடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதய நோய் என்ற பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் இந்தக் கஷாயத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. மொத்தக் கொலஸ்ட்ரால் 231. எல்.டி.எல். 149. "பாத்தீங்களா, இறங்கிடுச்சு!" செய்முறை இன்னும் பத்துப் பேருக்குப் போகிறது.

இறங்கியது உண்மை. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் இறக்கியது எது? மருத்துவ அறிவியல் இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லக் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. கஷாயத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், அதோடு சேர்ந்து கூண்டில் ஏற்ற வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த ரிப்போர்ட். நம்மூர் ஆய்வகங்கள் பலவற்றில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, கணக்குப் போட்டு எழுதப்படுகிறது. 1972-ல் ஃபிரீடுவால்டு என்ற அமெரிக்கரும் அவருடைய சகாக்களும் கொடுத்த சூத்திரம் அது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழிக்க வேண்டும். பிறகு டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, வந்ததையும் கழிக்க வேண்டும். நம் கடைக்காரருக்கு 252-லிருந்து 40 போனால் 212. 200-ஐ ஐந்தால் வகுத்தால் வரும் 40-ம் போனால் 172. தாளில் அச்சடித்த எண் பிறந்த கதை இதுதான். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. அதற்குக் கீழேயும் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். காலையில் நாலு இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே தள்ளிவிட்டு ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு ஏறும். ஏறியதை வகுத்துக் கழிக்கும்போது எல்.டி.எல். தன்னால் சற்றுக் குறைந்ததாகக் காட்டும். இட்லி கெட்ட கொழுப்பைக் குறைத்தது என்று யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. போட்டாலும் இதே தரத்து ஆதாரம்தான் இருக்கும்.

அடுத்து, ரத்தம் எடுத்த விதம். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தவரின் ரத்தத்தைவிட, இருபது நிமிடம் படுத்திருந்தவரின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 10% வரை குறைவாக இருக்கலாம். படுத்தால் திசுக்களிலிருந்து நீர் ரத்தக் குழாய்க்குள் திரும்பி வந்து எல்லாவற்றையும் நீர்க்க வைப்பதுதான் காரணம். முதல் தடவை பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவர், இரண்டாம் தடவை கூட்டமாக இருந்ததால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்றால், அதுவே எண்ணைக் கொஞ்சம் நகர்த்தும். பருவத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓராண்டு தொடர்ந்து அளந்து பார்த்ததில், குளிர்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்கியது. இவை எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரே ஆளின் கொலஸ்ட்ரால் வாரத்துக்கு வாரம் ஐந்தாறு விழுக்காடு தானாக ஆடும். எல்.டி.எல். இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆடும்.

மூன்றாவது ஆசாமிதான் கில்லாடி. புள்ளியியலில் இதைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்கிறார்கள். ஒகேனக்கல்லில் வெள்ளம் கரைபுரண்டு பரிசல் ஓட்டத் தடை போட்டிருக்கும் நாளாகப் பார்த்துக் காவிரிக்கு ஒரு பூசை போட்டால், அடுத்த வாரம் நீர்வரத்து குறைந்துதான் இருக்கும். பூசை போடாவிட்டாலும் குறைந்திருக்கும். உச்சத்தில் இருக்கும்போது அளந்த எதுவும் மறுமுறை அளக்கும்போது பெரும்பாலும் கீழேதான் இருக்கும். கொழுப்பு அதிகம் என்று வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஆய்வு செய்தால், அவர்களில் சிலர் உண்மையிலேயே கொழுப்பு மிகுந்தவர்கள். சிலர் அன்றைக்குப் பார்த்து எண் எகிறியிருந்தவர்கள். இரண்டாவது வகையினர் அடுத்த முறை இறங்கியே தீருவார்கள், கஷாயம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

கடைசியாக, மனிதரின் பயம். ரிப்போர்ட்டைப் பார்த்த நாளிலிருந்து அவர் மாலை நேர போண்டாவைக் குறைத்திருப்பார். ஆட்டுக்கறி வாரத்துக்கு ஒருமுறை என்பது மாதத்துக்கு ஒருமுறை ஆகியிருக்கும். வெறும் வயிற்றில் கஷாயம் குடிப்பதற்காகவே சீக்கிரம் எழுந்து, எழுந்த கையோடு கொஞ்சம் நடக்கவும் செய்திருப்பார். புகழ் முழுவதும் கஷாயத்துக்கே போய்ச் சேர்கிறது.

இத்தனை ஆசாமிகளில் குற்றவாளி யார் என்று தனியாள் ஒருவரை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். கண்ணால் பார்த்ததை நம்பக் கூடாதா என்பார்கள். இந்தியாவிலேயே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். நம்முடைய மருத்துவ நூல்களிலிருந்து கிளம்பி, ஆய்வகம் வழியாகச் சந்தைக்கு வந்து, உலகப் புகழும் அடைந்து, பிறகு ஒரே ஒரு சோதனையில் ஆட்டம் கண்ட ஒரு பிசினின் கதை அது.

நாட்டு மருந்துக் கடைகளில் குக்குலு என்று கேட்டால் பழுப்பு நிறத்தில், ஒட்டும் பதத்தில் ஒரு பிசின் தருவார்கள். மைசாட்சி என்றாலும் சில கடைகளில் புரியும். ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட நிலங்களில் வளரும் முள்மரம் ஒன்றின் பிசின். கொமிஃபோரா வைட்டி என்பது அதன் தாவரவியல் பெயர். ஆயுர்வேதத்தில் மூட்டு வலி முதல் உடல் பருமன் வரை பலவற்றுக்கும் இதைத் தருவது பழைய வழக்கம்.

1960-களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஜி.வி. சத்தியவதி, சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு மிகுவதால் வரும் நோயைப் பற்றிய பகுதியைப் படித்தார். அதிகமாகத் தின்று, உடல் பருத்து, உடலின் வழிகள் அடைபட்டு நோய் வருவதாக அந்த நூல் விவரித்த வரிசை, நவீன மருத்துவம் சொல்லும் ரத்தக்குழாய் அடைப்பின் வரிசையோடு ஒத்துப்போவதாக அவருக்குப் பட்டது. அதற்குப் பழைய நூல் சொன்ன மருந்துகளில் ஒன்று குக்குலு. படித்ததோடு அவர் நிற்கவில்லை. முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தீனியில் கலந்து கொடுத்து ரத்தத்தில் கொழுப்பை ஏற்றி, குக்குலு கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். கொழுப்பு குறைந்தது. 1966-ல் இது ஆய்வேடாக வந்தது. பழைய நூலில் இருப்பதாலேயே உண்மை என்று சொல்லாமல், முயலை வைத்துக் கேட்டுப் பார்த்தாரே, அந்த மனப்பாங்குக்காகவே சத்தியவதியை நான் மதிக்கிறேன். இவர் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார்.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனது. பிசினை எத்தில் அசிட்டேட்டில் கரைத்துப் பிரித்தெடுத்த சாற்றுக்கு 'குகுலிப்பிட்' என்று பெயர் வைத்தார்கள். அதில் குகுல்ஸ்டெரோன் என்ற சேர்மங்கள்தான் வேலை செய்கின்றன என்றார்கள். 1986-ல் இந்தியாவில் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக இதை விற்க ஒப்புதல் கிடைத்தது.

1989-ல் இந்திய மருத்துவர் சங்கத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரைதான் என்னை உட்கார வைத்துப் படிக்கச் செய்தது. பம்பாய், பெங்களூர், டெல்லி, ஜெய்ப்பூர், லக்னோ, நாக்பூர், வாரணாசி என ஏழு ஊர்களில் நடந்த சோதனைகளின் முடிவு அது. முதல் பகுதியில் எட்டு வாரம் உணவுக் கட்டுப்பாடும், மருந்தே இல்லாத ஒப்புக்கு மாத்திரையும். அதன்பின் 12 வாரம் 500 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை குகுலிப்பிட். 205 பேர் முடித்தார்கள். இது திறந்த சோதனை. அதாவது என்ன மருந்து கொடுக்கிறோம் என்று டாக்டருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். 70 முதல் 80 விழுக்காட்டினரிடம் கொலஸ்ட்ரால் சராசரியாக 23.6% இறங்கியதாகக் கணக்கு வந்தது.

இரண்டாம் பகுதி இரட்டை மறைப்புச் சோதனை. குகுலிப்பிட்டா, அப்போது புழக்கத்தில் இருந்த குளோஃபிப்ரேட்டா, எது கையில் இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. இதில் குகுலிப்பிட் இறக்கியது 11%. அதே மருந்து, அதே நிறுவனத்தார் ஏற்பாடு செய்த சோதனை, அதே கட்டுரை. கண்ணைக் கட்டியதும் 23.6 என்பது 11 ஆகிவிட்டது. இரண்டு பகுதிகளிலும் கணக்கிட்ட முறையில் வேறுபாடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இவ்வளவு பெரிய சறுக்கலைப் பார்த்ததும் அடுத்த கேள்வி எழுந்திருக்க வேண்டும்: மருந்தே இல்லாத மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்தினால் இந்த 11-ல் மிச்சம் எவ்வளவு நிற்கும்?

குளோஃபிப்ரேட்டைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய சோதனையின் முடிவு 1978-ல் வந்தது. அந்த மருந்து கொலஸ்ட்ராலைச் சுமார் 9% இறக்கியது. உயிரைப் பறிக்காத மாரடைப்புகளையும் குறைத்தது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடையே மொத்த இறப்பு கூடியிருந்தது! எண்ணை இறக்குவது வேறு, ஆளைக் காப்பது வேறு. ஸ்டாட்டினுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததற்குக் காரணம் இதுதான். 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனையில் இதய நோயுள்ள 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மொத்த இறப்பு 30% குறைவாக இருந்தது. அந்த மாதிரி ஒரு சான்றை எந்தச் சத்து மாத்திரையும் இன்றுவரை கொண்டுவந்து வைக்கவில்லை.

குக்குலுவுக்குத் திரும்புவோம். 2002-ல் அதற்குப் பொற்காலம். குகுல்ஸ்டெரோன் ஈரல் செல்களில் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியைத் தடுக்கிறது, பித்த அமிலம் உருவாவதை நெறிப்படுத்தும் ஏற்பி அது, ஆகவே கொழுப்பு இறங்குகிறது என்று 'சயின்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அழகான விளக்கம் கிடைத்துவிட்டது. வேலை செய்கிறதா என்பதுதான் இன்னும் பாக்கி.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிலிப் சபரியும் சகாக்களும் அதைப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ள, மற்றபடி நலமான 103 பேர். குலுக்கல் முறையில் மூன்று குழு. ஒன்றுக்கு 1,000 மில்லிகிராம் மூன்று வேளை, இன்னொன்றுக்கு 2,000 மில்லிகிராம் மூன்று வேளை, மூன்றாவதற்கு ஒப்புக்கு மாத்திரை. எட்டு வாரம். 2003 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் முடிவு வந்தது. ஒப்புக்கு மாத்திரை விழுங்கியவர்களின் எல்.டி.எல். 5% இறங்கியிருந்தது. குகுலிப்பிட் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்த அளவில் 4%, கூடுதல் அளவில் 5% ஏறியிருந்தது. இறக்க வந்த மருந்து ஏற்றிவிட்டது. போதாததற்கு ஆறு பேருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. மூன்றாவது குழுவில் ஒருவருக்கும் வரவில்லை.

மேற்கத்திய உணவு சாப்பிடுபவர்களுக்கு வேலை செய்யாவிட்டால் சோறும் பருப்பும் சாப்பிடுபவர்களுக்கும் செய்யாது என்று அர்த்தமா என்று குக்குலுவின் பக்கம் நிற்பவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2009-ல் நார்வேயில் 43 பேரை வைத்து 12 வாரம் நடந்த இன்னொரு சோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் ஒப்புக்கு மாத்திரைக் குழுவைவிடக் கொஞ்சம் இறங்கியது. ஆனால் கூடவே நல்ல கொழுப்பும் இறங்கியது, எல்.டி.எல்.லில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வயிற்றுத் தொல்லையும் தடிப்பும் குக்குலுக் குழுவில்தான் அதிகம். என் தீர்ப்பு, கொழுப்புக்காகக் குக்குலு வாங்குவது வீண் செலவு. மரத்துக்கும் அது கேடு. பிசினுக்காகத் தாறுமாறாகக் கீறிக் கீறியே அந்த மரம் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேசச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகிவிட்டது.

நம் கஷாயத்தின் நாயகனான பூண்டுக்கும் ஏறக்குறைய இதே தலையெழுத்து. 1994-ல் அதுவரை வந்த சிறு சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், பூண்டு கொலஸ்ட்ராலை 12% இறக்குகிறது என்றார்கள். சோதனைகளின் தரம் கூடக் கூட அந்த எண் தேய்ந்துகொண்டே வந்தது. 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு ஒரு வழியாக விஷயத்தை முடித்து வைத்தது. 192 பேர், ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள். ஒரு குழுவுக்குப் பச்சைப் பூண்டு, ஒரு பெரிய பல் அளவு, சாண்ட்விச்சில் வைத்து, இன்னொன்றுக்குப் பூண்டுப் பொடி மாத்திரை, மூன்றாவதற்கு ஊறவைத்து முதிர்ந்த பூண்டுச் சாற்று மாத்திரை, நான்காவதற்கு ஒப்புக்கு. மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். நான்கு குழுக்களின் எல்.டி.எல்.லும் இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் கொடுத்தது பச்சைப் பூண்டு. நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின்தான் பூண்டின் வீரியம் என்பார்கள். கொதிக்க வைத்தால் அது சிதைந்துபோகும். நாலு டம்ளர் மூன்றாகச் சுண்டும்வரை காய்ச்சிய கஷாயத்தில் அது எங்கே இருக்கப்போகிறது?

2022-ல் கிளீவ்லேண்ட் கிளினிக் நடத்திய சோதனை இன்னும் தெளிவு. 190 பேர், 28 நாள். மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று கடையில் கிடைக்கும் ஆறு சத்து மாத்திரைகள் ஒரு பக்கம். மிகக் குறைந்த அளவான 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் இன்னொரு பக்கம். நடுவில் ஒப்புக்கு மாத்திரை. ஸ்டாட்டின் எல்.டி.எல்.லை ஏறக்குறைய 38% இறக்கியது. ஆறு சத்து மாத்திரைகளில் ஒன்றுகூட ஒப்புக்கு மாத்திரையை வெல்லவில்லை. பூண்டுக் குழுவில் எல்.டி.எல். கொஞ்சம் ஏறவும் செய்தது. 28 நாள் போதாது என்று சொல்லலாம். ஸ்டாட்டினுக்கு அந்த 28 நாளே போதுமாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாச் சத்துப் பொருளும் பித்தலாட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. இசப்கோல் உமியைத் தண்ணீரில் போட்டால் கூழாகக் குழைவதைப் பார்த்திருப்பீர்கள். குடலிலும் அப்படியே குழைந்து பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. ஈரல் புதிய பித்த அமிலம் செய்ய ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 7 கிராம் கரையும் நார் கிடைக்கும்படி சாப்பிட்டால் எல்.டி.எல். ஏழு விழுக்காடு வாக்கில் இறங்குவது பல சோதனைகளில் தெரிந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-லேயே இதை உறையில் எழுத அனுமதித்தது. தாவர ஸ்டெராலும் நாளுக்கு 2 கிராம் எடுத்தால் 8 முதல் 10% வரை இறக்கும் என்பது பழைய, பெரிய சோதனைகளின் கணக்கு. அடக்கமான பலன், ஆனால் நிஜமான பலன்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி தனிக் கதை. அது நன்றாகவே வேலை செய்யும், செய்யும்போது. அதில் உள்ள மொனாக்கொலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் ஒரே பொருள்! 2010-ல் அமெரிக்கச் சந்தையில் இருந்த 12 தயாரிப்புகளைச் சோதித்தபோது ஒரு குளிகையில் 0.10 மில்லிகிராம் முதல் 10.09 மில்லிகிராம் வரை, அதாவது நூறு மடங்கு வித்தியாசத்தில் அது இருந்தது. நான்கில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. மாத்திரைக்குப் பயந்து இயற்கைக்குப் போனவர், அளவு தெரியாத அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறார்.

சரி, தருமபுரியிலேயே இந்தக் கஷாயத்தைச் சோதிக்க வேண்டும் என்றால்?

முதலில் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். எல்.டி.எல். 150 உள்ளவர்களிடம் கஷாயம் 10%, அதாவது 15 புள்ளி இறக்கும் என்று நம்புகிறோம். ஆளுக்கு ஆள் மாற்றத்தில் உள்ள சிதறல் 20 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலாளர்கள் கைக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள். சிதறலின் வர்க்கத்தை எதிர்பார்க்கும் மாற்றத்தின் வர்க்கத்தால் வகுத்து 16-ஆல் பெருக்க வேண்டும். குழுவுக்கு 29 பேர் வருகிறார்கள். பலன் 5% மட்டுமே என்றால் குழுவுக்கு 114 பேர். பலன் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு. பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தோம், எட்டுப் பேருக்கு இறங்கியது என்ற பேச்சுக்கு ஏன் மதிப்பில்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

பிறகு குலுக்கல். யாருக்குக் கஷாயம், யாருக்கு ஒப்புக்குக் கஷாயம் என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. நோய் முற்றியவருக்கு நிஜ மருந்தைக் கொடுத்துவிட எந்த டாக்டருக்கும் கை நீளும். குலுக்கல் அந்தக் கையைத் தடுக்கிறது. அதன் அழகு வேறொன்றிலும் இருக்கிறது. எட்டு வாரத்துக்குள் ஊர் மாரியம்மன் பண்டிகை வந்து கிடா வெட்டினால் இரண்டு குழுவும்தான் கறி தின்னும். மாம்பழக் காலம் வந்தால் இரண்டு குழுவும்தான் மாம்பழம் தின்னும். ஆய்வகத்தின் கருவி பிசகினாலும், குளிர் வந்தாலும், எகிறிய எண் சராசரிக்குத் திரும்பினாலும் எல்லாம் இரு பக்கத்திலும் ஒரே அளவாக நடக்கும். இரு குழுவுக்கும் இடையே மிஞ்சும் வித்தியாசம் மட்டுமே கஷாயத்தின் கணக்கில் சேரும்.

உண்மையான தலைவலி வாசனை. இஞ்சி பூண்டு வாசனையும் காரமும் உள்ள, ஆனால் இஞ்சியோ பூண்டோ இல்லாத ஒரு கஷாயத்தை யார் செய்வது? காலையில் ஏப்பம் விட்டாலே எந்தக் குழு என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். காய வைத்துப் பொடித்துக் குளிகையில் அடைத்தால் மறைக்கலாம். ஆனால் அப்போது அது வாட்ஸ்அப் கஷாயம் அல்ல, வேறு பொருள். கார்ட்னர் குழுவும் மாத்திரையை மறைத்ததே தவிர, சாண்ட்விச்சில் இருந்த பச்சைப் பூண்டை மறைக்க முடியவில்லை. உணவுப் பொருளைச் சோதிக்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

அந்தச் சுவரைச் சுற்றிப் போக ஒரு வழி இருந்தது. தருமபுரிக்கு அந்த வாய்ப்பு வந்தும் போயிற்று. 2023-ல் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் முன்னோட்டமாக ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. களியும் கூழும் தின்று வளர்ந்த மாவட்டத்துக்குப் பொருத்தமான திட்டம். எந்தெந்த ரேஷன் கடைகளில் முதலில், எவற்றில் ஆறு மாதம் கழித்து என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, இரு பக்கத்திலும் சில நூறு பேரிடம் முன்னும் பின்னும் ரத்தம் எடுத்திருந்தால், சிறுதானியம் கொழுப்பை இறக்குமா என்ற கேள்விக்கு உலகமே கவனிக்கும் பதில் கிடைத்திருக்கும். ஒரு குடும்பத்துக்கும் எதையும் மறுத்திருக்க வேண்டியதில்லை. யாருக்கு முதலில் என்பது மட்டுமே குலுக்கல்.

அந்தக் கேள்விக்கு இப்போது இருக்கும் பதில் அரைகுறையானது. ஹைதராபாத்தில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தார் தலைமையில் 2021-ல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிறுதானியம் மொத்தக் கொலஸ்ட்ராலை 8% இறக்குவதாகத் தெரிந்தது. 19-ஐயும் சேர்த்தாலும் மொத்தம் 900 பேர்தான். பல ஆய்வுகள் சில வாரங்களில் முடிந்தவை. குக்குலுவின் 23.6-ஐயும் பூண்டின் 12-ஐயும் பார்த்த பிறகு இந்த எட்டை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். சாமைச் சோறும் களியும் நல்ல உணவு என்பதற்கு இந்த எட்டின் சிபாரிசு தேவையும் இல்லை. அடுத்து எந்த மாவட்டத்துக்கு இப்படி ஒரு திட்டம் போனாலும், தொடங்குவதற்கு முன் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் ஒரு புள்ளியியலாளரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கு நடைமுறையில் சில வார்த்தைகள். எல்.டி.எல். அதிகம் என்று வந்தால், ஒரே ஆய்வகத்தில், அதேபோல வெறும் வயிற்றில், இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கஷாயம் பிடித்திருந்தால் குடியுங்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை அதற்காக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் பூண்டு மாத்திரை எடுப்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். நம் நாட்டில் சத்து மாத்திரை உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. மருந்து தன் பலனை நிரூபித்துவிட்டுக் கடைக்கு வர வேண்டியதுபோல் அது வர வேண்டியதில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். முன்பக்கத்தில் இதயப் படம் பெரிதாக இருக்கும். விற்பவர் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் மத்தியப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளுக்கு அது கட்டாயம். அந்தப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம், கட்டணம் கிடையாது.